வயல் வழியே கண்ட நாடு: றொபேட் நொக்ஸின் இலங்கை நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டைப் பற்றி அயலார் எழுதிய நூல்கள் பலவாயினும், அவற்றை எழுதியோரைப் பெரும்பாலும் நான்கு வகையினுள் அடக்கலாம். ஆள வந்தவர், சமயம் பரப்ப வந்தவர், வாணிகம் செய்ய வந்தவர், கண்டு செல்ல வந்தவர் என்போர் அவர். இந்நால்வரும் வயலை வரம்பிலே நின்று கண்டவர்கள். சேற்றில் இறங்கியவர் அவருள் அரியர். அயல்நாட்டு மண்ணில் விதைத்து, அறுத்து, அவ்விளைவால் உயிர் வாழ்ந்து, பின்னர்த் தாம் கண்டதை ஏட்டில் வைத்தவர் ஐந்தாம் வகையினர். அத்தகையோரை உலக இலக்கியத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

ஆங்கில இலக்கியம் பயில்வோர் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் பெயர் கிறெவ்கூர் என்பது. பிரான்சில் கான் நகரில் 1735-இல் பிறந்த அவர், கனடாவிற் பிரெஞ்சுப் படையிற் பணியாற்றி, 1759-இல் கியூபெக் போரிற் காயமுற்று, பின்னர் ஆங்கிலேயரின் நியூயோர்க் குடியேற்றத்தை அடைந்தார். 1765-இல் அந்நாட்டுக் குடிமகனாகி, 1769-இல் மணம் புரிந்து, ஒரேஞ் கோட்டத்திற் பண்ணை அமைத்து உழுதார். ‘அமெரிக்க உழவன் ஒருவனின் கடிதங்கள்’ என்னும் அவரது நூல் 1782-இல் இலண்டனில் வெளிவந்தது. அமெரிக்கன் என்பவன் யார் என்ற வினாவை முதன்முதல் இலக்கியமாக்கிய நூல் என்று அதனைப் போற்றுவர்.

அந்நூல் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1681-இல், அதே இலண்டன் நகரில் இலங்கையைப் பற்றிய நூலொன்று அச்சேறியது. அதனை எழுதியவரும் அயல்மண்ணிற் பயிரை நம்பி வாழ்ந்தவரே. அவர் றொபேட் நொக்ஸ். நம் பாடப் புத்தகங்கள் அவரைக் கண்டி மன்னனின் கைதி என்ற அளவில் அறிமுகம் செய்து அமைந்துவிடுகின்றன. வரலாற்றாசிரியரோ இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சி பற்றிய சான்றாக மட்டும் அவரை வாசிக்கின்றனர். அவர் ஓர் உழவர் என்ற உண்மையை முன்வைத்து நூலை வாசித்தால், எங்கே அவரை நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதற்கு ஒரு தெளிவான அளவுகோல் கிடைக்கின்றது. அவ்வளவுகோலை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நூலும்

நொக்ஸ் 1641-இற் பிறந்தவர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்ற ‘ஆன்’ என்னும் கப்பலில், அதன் தலைவராகிய தந்தையாருடன் பயணம் செய்தார். புயலிற் பாய்மரம் இழந்த கப்பல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660 ஏப்பிரலில் கண்டி மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் வேறு பலரையும் பிடித்துச் சென்றனர். அப்பொழுது நொக்ஸுக்கு வயது 19. மறு ஆண்டு பெப்ரவரியிலே தந்தையார் காய்ச்சலால் இறந்தார். தந்தையைப் புதைக்க மகனும் ஓர் ஏவற் சிறுவனுமே இருந்தனர் என்னும் பகுதி, மிகைச்சொல் ஒன்றுமின்றி எழுதப்பட்டமையாலேயே வாசிப்போரை வருத்துவது.

கைதி என்றதும் விலங்கும் இருட்டறையும் நினைவுக்கு வரலாகாது. மன்னன் அவர்களைத் தனித்தனியே ஊர்களிற் குடியமர்த்தினான். ஊரவர் முறைவைத்து அவர்களுக்கு உணவு கொடுத்தல் வேண்டும் என்பது ஆணை. சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தரும்படி கேட்டு நொக்ஸ் பெற்றுக்கொண்டார். உண்டு மிஞ்சியது கைம்முதலாயிற்று. தொப்பி பின்னக் கற்றார். பின்னிய தொப்பிகளை விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டியும் நெல்லாகவே வாங்கினார். கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்னும் ஊரில் 25 லாரின் கொடுத்து நிலம் வாங்கி, வீடு கட்டி, மரம் நட்டார். 1679 செப்டெம்பர் 22-ஆம் நாள் ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் அவ்வூரைவிட்டு நீங்கி, அதே ஆண்டு ஒக்டோபர் 18-ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். நாடு திரும்பும் கப்பலிலேயே நூலின் பெரும்பகுதியை எழுதினார். இராயல் கழகத்து அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை எழுத, நூல் வெளிவந்தது.

நூல் நான்கு பாகங்களை உடையது. முதற் பாகம் நாட்டின் நிலவியல்பும் விளைபொருளும் விலங்கும் கூறுவது. இரண்டாம் பாகம் மன்னனையும் ஆட்சியையும் பற்றியது. மூன்றாவது மக்களின் பழக்கவழக்கங்களை விரிப்பது. நான்காவது ஆசிரியரின் சிறைவாழ்வும் தப்பியோடிய வரலாறும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அது பெயர்க்கப்பட்டது. தனிமன்னன் ஆட்சியின் தீமைக்குச் சான்றாக யோன் லொக் என்னும் தத்துவ அறிஞர் இலங்கை பற்றிய இந்நூலைச் சுட்டினார். டானியல் டீபோ 1720-இல் வெளியிட்ட ‘கப்பித்தான் சிங்கிள்டன்’ என்னும் புனைகதையில் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்தார். இவர்கள் பயன்கொண்டவை பெரும்பாலும் இரண்டாம், நான்காம் பாகங்கள். உழவைப் பற்றிய அதிகாரம் முதற் பாகத்தில் இருப்பது. அதனைப் புலவரும் தத்துவரும் கடந்து சென்றனர்.

உழவு பற்றிய அதிகாரம்

நூலின் உயிர்நிலை அவ்வதிகாரமே எனலாம். நெல்லின் வகைகளை அவர் ஏழு மாதத்தில் விளைவது, ஆறு மாதத்தில் விளைவது, ஐந்து, நான்கு, மூன்று மாதங்களில் விளைவது எனக் காலத்தால் வகுக்கின்றார். ஒரு பயணி இவ்வகைகளின் பெயர்களைக் கேட்டு எழுதியிருத்தல் கூடும். ஆனால் உழவர் ஏன் ஒரு வகையை விட்டு இன்னொரு வகையை விதைக்கின்றனர் என்ற காரணத்தை நொக்ஸ் கூறுகின்றார். நீர் எத்துணைக் காலம் நிற்கும் என்று மதித்து, அதற்கு ஏற்ற நெல்லை உழவர் தேர்கின்றனர். நீர் நெடுநாள் நிற்குமாயின் நெடுங்கால நெல். விரைவில் வற்றுமாயின் குறுங்கால நெல். வன்னியிற் குளத்து நீர்மட்டத்தை நோக்கி விதைநெல்லைத் தீர்மானித்த எந்த உழவரும் இவ்வரிகளைத் தம் அனுபவமாகவே உணர்வர்.

அதனினும் நுட்பமானது அவர் குறிக்கும் மற்றொரு செய்தி. ஒரு வெளியில் வயலுடையோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறுவடை செய்தல் வேண்டும். அறுவடை முடிந்ததும் வயல்வெளி மாடுகளுக்குத் திறந்துவிடப்படுமாதலின், பிந்தி விளையும் பயிர் அழிந்துபோகும். ஆகவே காலந்தாழ்த்தி விதைப்பவர் விரைவில் விளையும் நெல்லைத் தெரிந்து, முந்தியவரை எட்டிப் பிடிக்கின்றனர். இச்செய்தியை எந்த அரண்மனையிலும் எந்தத் துறைமுகத்திலும் நின்று அறிதல் இயலாது. பிந்தி விதைத்தவனின் கவலையை அருகிருந்து கண்டவனே இதனை எழுதுவான். விதைப்பு என்பது தனியொருவன் செயலாகத் தோன்றினும் ஊர் முழுவதன் ஒழுங்குக்கு உட்பட்டது என்னும் உண்மை ஒரு சிறு குறிப்பினுள் இங்கே அடங்கிக் கிடக்கின்றது.

கலப்பையைப் பற்றி அவர் எழுதும் முறையும் கருதத்தக்கது. முழங்கைபோல் வளைந்த மரத்துண்டும், அதன் நுனியிற் பொருத்திய இரும்புக் கொழுவும் கொண்ட அக்கருவி மண்ணை ஆழக் கிழிப்பதன்று. ஐரோப்பியக் கண்ணுக்கு அது வறுமையின் அடையாளமாகத் தோன்றக்கூடியது. நொக்ஸ் அதன் இலேசு எதற்குப் பயன்படுகின்றது என்று காட்டுகின்றார். சேற்றிலே இழுப்பதற்கும், ஒடுங்கிய வரம்புகளின் மேலாகத் தூக்கி அடுத்த வயலில் வைப்பதற்கும் அந்த இலேசு வேண்டும். ஒரு கருவியின் குறையெனப் படுவது அந்நிலத்தில் அதன் குணமாக அமைதலைக் காணும் இப்பார்வை, பின்வந்த குடியேற்ற அலுவலர் பலரின் அறிக்கைகளில் அருகியே காணப்படுவது.

உழவின் பின் வரம்பு கட்டல், இரண்டாம் உழவு, பலகையால் மட்டப்படுத்தல், விதைநெல்லை நனைத்து இலையால் மூடி முளைகட்டல், விதைத்தல், களைபறித்தல், அரிவு வெட்டு, சூடு மிதித்தல் என்று தொழில்கள் நிகழும் ஒழுங்கிலேயே அவர் உரை நடக்கின்றது. அரிவு வெட்டுக்கு அயலவர் முறைவைத்து ஒருவருக்கொருவர் உதவுவதையும், வயற்காரர் அவர்களுக்கு விருந்திடுவதையும் கூறுகின்றார். மாடுகள் வளைய வந்து சூடு மிதிக்கும் களத்தையும், அங்கே முதற்கட்டு இடும்போது செய்யும் சடங்கையும் குறிக்கின்றார். குரக்கன், தினை, பயறு, எள் ஆகியவற்றையும் விடவில்லை. நாட்டின் வடபகுதிகளில் ஊற்றும் ஆறும் இல்லாத இடங்களில் பிறைபோன்ற கரை கட்டி மழைநீரைத் தேக்குவதையும், அந்நீரைச் சிறிது சிறிதாக வயலுக்கு விடுவதையும் அவர் விளக்குமிடத்து, வன்னியின் சிறுகுளங்கள் கண்முன் தோன்றுகின்றன. பூவரசங்குளம் என்பதுபோல மரத்தின் பெயரோடு குளம் என்னும் சொல் இணைந்து ஊர்ப்பெயராகும் நாட்டில், அப்பகுதியை விளக்கவுரையின்றியே வாசிக்கலாம். அலைகரையும் குளக்கட்டும் துருசும் அறிந்தவர்க்கு அது புதுச் செய்தியன்று; ஆயினும் மூன்றரை நூற்றாண்டுக்கு முன் ஓர் அந்நியன் அதனைச் சரியாகக் கண்டான் என்பது புதுச் செய்தியே.

நெல்லும் வட்டியும்

இத்தெளிவு எங்கிருந்து வந்தது? இயல்பான நுண்ணறிவு என்று கூறி அமைதல் போதாது. நெல்லின் கணக்கு அவருடைய வயிற்றின் கணக்காயிருந்தமையே காரணம். அவர் தேர்ந்துகொண்ட தொழில்களுள் நிலைத்தது நெற்கடன். ஒரு புசல் கொடுத்தால் அறுவடையில் ஒன்றரைப் புசல் திரும்பும். நூற்றுக்கு ஐம்பது வட்டி. அது நாட்டு வழக்கமே என்று அவர் கூறுகின்றார். கடன் கொடுத்தவன் விளைவு எப்பொழுது வரும் என்று அறிந்திருத்தல் வேண்டும். எவன் வயல் முந்தும், எவன் வயல் பிந்தும், எவ்வகை நெல் எத்தனை மாதம் எடுக்கும், களத்திலிருந்து நெல் எப்பொழுது புறப்படும் என்பனவெல்லாம் அவனுக்குத் தெரிந்திராவிடின் முதலும் கிடையாது. நெல்லை மாதங்களால் வகுத்த அதே மனமே தவணையையும் மாதங்களால் வகுத்தது.

இங்கே திறனாய்வாளர் ஒருவர் தயங்குதல் இயல்பு. உழவனின் நண்பன் எழுதிய நூல் என்று மகிழ்ந்து வாசித்தது, உழவனுக்குக் கடன் கொடுத்தவன் எழுதியதாக முடிகின்றதே என்பது அத்தயக்கம். ஆனால் நொக்ஸ் இதனை மறைக்கவில்லை. தாம் பிழைத்த வழியைத் தொகையும் விகிதமுமாக எழுதி வைத்திருக்கின்றார். தம்மை நல்லவராகக் காட்டும் ஆசை அவருக்கு மிகுதியாக இருந்திருப்பின், இந்த வட்டிக் கணக்கு நூலிலிருந்து முதலில் நீங்கியிருக்கும். அது நீங்காமையாலேயே ஏனைய கணக்குகளையும் நாம் நம்பத் தலைப்படுகின்றோம். உண்மையுரைக்கும் நூல் ஆசிரியனுக்கு எப்பொழுதும் பெருமை சேர்ப்பதன்று.

இனி, எங்கே அவரை நம்பலாகாது என்பதற்கு வருவோம். மக்களின் குணவியல்பைத் தொகுத்துக் கூற முற்படும் இடங்களில் அவர் மொழி தடுமாறுகின்றது. ஓரிடத்தில் அவர்களின் நற்பண்பைப் புகழ்ந்து, அடுத்து அவர்கள் பொய்க்கு நாணாதவர் என முடிவு கூறுவார். சமயத்தைப் பற்றிக் கூறுமிடத்து விகாரையையும் தேவாலயத்தையும் வெளியே நின்று கண்ட ஒரு புரட்டஸ்தாந்துக் கிறித்தவனின் பார்வையே மேலோங்குகின்றது. தாம் ஒரு தொப்பியைக் கொடுத்து வாங்கிய வேதாகமத்தைக் கண்ணீருடன் போற்றும் அதே கை, அயலவர் தொழுகையை வெற்றுச் சடங்காக எழுதிச் செல்கின்றது. களத்தில் முதற்கட்டு இடும் சடங்கை அவர் வருணிக்கும்போது இக்குறை இல்லை என்பது நோக்கத்தக்கது. அங்கே அவர் நெல்லோடு நின்றார். ஆகவே சடங்கின் இடத்தையும் காலத்தையும் சரியாகக் கண்டார். கோயில் வாயிலில் அவருக்கு அலுவல் இல்லை. ஆகவே அங்கே கண்டது சொற்பம், தீர்ப்புக் கூறியது அதிகம்.

அளவுகோல் இப்பொழுது தெளிவாகின்றது. நொக்ஸின் கை பட்ட இடமெல்லாம் அவர் கண்ணும் தெளிவாயிருந்தது. கை படாத இடத்தில் அவர் தம் காலத்து ஆங்கிலேயர் எவரையும் போலவே எழுதினார்.

அருவியாற்றங்கரை

இவ்வளவுகோலை வன்னி வாசகர் தம் சொந்த நிலத்திலேயே சோதித்துப் பார்த்தல் கூடும். ஏனெனில் தப்பியோடிய நொக்ஸ் அனுராதபுரத்திலிருந்து அரிப்பு வரை சென்ற வழி வன்னியின் தென்னெல்லையை ஒட்டியது. சிங்களவர் மல்வத்து ஓயா எனவும் தமிழர் அருவியாறு எனவும் அழைக்கும் ஆற்றின் வழியே அவர் காட்டினூடாக நடந்தார். பூவரசங்குளத்திற்குத் தெற்கே, செட்டிகுளம் பகுதியை அடுத்து ஓடும் அதே ஆறு அது. அப்பகுதியின் தலைவனாக அவர் குறிக்கும் பெயரைப் பனங்காமத்துக் கைலாய வன்னியன் என ஆய்வாளர் கொள்வர். அவன் கண்டி மன்னனுக்கு அடங்காதவன் என்பதும், ஒல்லாந்தருக்கு முற்றாகப் பணியாதவன் என்பதும் நொக்ஸின் குறிப்பாற் புலனாகும். வன்னிமையின் சுயேச்சைக்கு அயலார் தந்த பழைய சான்றுகளுள் இஃது ஒன்று என்ற வகையில் அதன் மதிப்புப் பெரிது.

ஆயினும் வன்னியின் மக்களைப் பற்றி அவர் எழுதியது என்ன? மிகச் சில வரிகள். அவையும் அச்சத்தால் நிறைந்தவை. சிங்களத்தை நன்கு பேசிய அவருக்குத் தமிழ் தெரியாது. எதிர்ப்படும் எவரும் தம்மைப் பிடித்து மன்னனிடம் ஒப்படைப்பர் என்னும் அச்சத்தால், மனிதக் குரல் கேட்ட இடமெல்லாம் ஒதுங்கினார். வயல் இருப்பின் அருகே ஊர் இருக்கும். ஊர் இருப்பின் ஆபத்து இருக்கும். இருபது ஆண்டுக் காலம் வயலைத் தேடிச் சென்று அறிந்த ஒருவர், இப்பொழுது வயலைக் கண்டு விலகி நடக்கின்றார். ஆகவே வன்னியின் உழவு அவர் நூலில் இல்லை. இறுதியில் ஆற்றங்கரையில் தமிழர் இருவரைக் கண்டனர். அவர்களைப் பிராமணர் என்கின்றார். பணமும் ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு கத்தியும் பெற்றுக்கொண்டு அவர்கள் வழிகாட்டினர். அச்சத்துடன் நோக்கிய நிலத்தின் மக்களே அவரைக் கரைசேர்த்தனர் என்பது அவர் எழுத்திலிருந்தே பெறப்படுகின்றது. அதனை ஒரு கருத்தாக எடுத்துரைக்க அவர் நிற்கவில்லை. நடந்தார், கடந்தார், கோட்டையை அடைந்தார்.

எலதெத்தவின் நொக்ஸும் அருவியாற்று நொக்ஸும் ஒருவரே. ஓரிடத்தில் நிலைத்து உழைத்தபோது கண்ட நுட்பம், ஓடும்போது கைகூடவில்லை. இதனை அவர் குற்றமாகக் கூறுதல் நியாயமன்று. ஆனால் அவருடைய வன்னிக் குறிப்புகளை மேற்கோளாக எடுத்து எழுதுவோர், அவை ஓடுகின்றவன் கண்ட காட்சிகள் என்பதை மறத்தலாகாது.

இரு உழவர்

மீண்டும் கிறெவ்கூரை நினைவுகூர்தல் இவ்விடத்திற் பயன் தரும். நொக்ஸைப் பிடித்து வந்தனர். கிறெவ்கூர் விரும்பி வந்தார். நொக்ஸ் தம் பெயரில் எழுதினார். கிறெவ்கூர், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் என்னும் கற்பனை உழவன் வாயிலாகப் பேசினார். ஜேம்ஸ் தன் நிலத்தில் கால் வைக்கும்போது அடையும் பெருமிதம் நொக்ஸிடம் இல்லை. நிலம் உடைமையாகும்போது ஐரோப்பிய ஏழை புதிய மனிதனாகின்றான் என்பது கிறெவ்கூரின் கொள்கை. கொள்கை வலுவாயிருக்கும் இடங்களில் அவர் நடை அழகு பெறுகின்றது. ஆனால் வயலின் கணக்கு மங்குகின்றது. நொக்ஸுக்குக் கொள்கை இல்லை. எனவே நடையும் எளியது, கணக்கோ நிலைத்தது. இலக்கிய இன்பம் நாடுவோர் கிறெவ்கூரிடமும், உழவின் உண்மை நாடுவோர் நொக்ஸிடமும் செல்வர்.

எனினும் கிறெவ்கூருக்கு ஒரு சிறப்புண்டு. ஒன்பதாம் கடிதத்தில் அவர் தென்பகுதி நகராகிய சாள்ஸ்ரனுக்குச் செல்கின்றார். அங்கே மரத்திற் கூண்டிலிட்டுத் தொங்கவிடப்பட்ட அடிமை ஒருவன் உயிர் நீங்காத நிலையிற் பறவைகளுக்கு இரையாவதைக் காட்டுகின்றார். அதுவரை புகழ்ந்துவந்த புதுநாட்டின் மறுமுகம் அக்கடிதத்தில் வெளிப்பட்டு, நூலின் போக்கையே மாற்றுகின்றது. அதே வேளையில், நூலின் தொடக்கத்தில் ஜேம்ஸ் தன் பண்ணையிலும் அடிமைகள் உண்டென்பதைக் கலக்கமின்றிக் கூறுகின்றான். பிறர் வயலின் கொடுமையைக் கண்ட கண் தன் வயலைக் காணவில்லை.

நொக்ஸின் பிற்கால வாழ்வு இதனினும் கசப்பானது. ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டு, விடுதலையின் விலையை உடலால் அறிந்த அவர், 1680-களில் கம்பனியின் கப்பற் தலைவராகி, சென் ஹெலினாத் தீவுக்காக அடிமைகளைக் கொள்ள மடகாஸ்கருக்குச் சென்றார். இச்செய்தி அவரே எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் உள்ளது. அக்குறிப்புகள் 1911-இல் அச்சாயின. தான் பட்ட துன்பம் பிறர் துன்பத்தைக் காணும் கண்ணைத் தானே தந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு நொக்ஸ் ஒரு மறுப்பு. இதனை அறிந்த பின்னர் அவர் நூலை மூடிவைத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை. நூலின் உண்மை ஆசிரியரின் அறத்தைப் பொறுத்ததன்று. அவர் எதனைக் கையால் அறிந்தார் என்பதைப் பொறுத்தது. ஆனால் அவரை மனிதத்தன்மையின் சின்னமாக உயர்த்தும் எளிய புகழுரைகளை விட்டுவிடுதல் நன்று.

கிறெவ்கூரின் பன்னிரண்டாம் கடிதம் வன்னி வாசகரின் நெஞ்சில் வேறொரு வகையில் தைப்பது. அமெரிக்கச் சுதந்திரப் போர் மூள்கின்றது. இரு தரப்பினருக்கும் இடையே அகப்பட்ட உழவன், எத்தரப்பிற் சேரினும் தான் அழிவது உறுதி எனக் கண்டு, மனைவி மக்களுடன் நிலத்தைவிட்டு நீங்க நினைக்கின்றான். இரவில் வயற்புறத்தே எழும் ஒவ்வோர் ஓசைக்கும் குடும்பம் நடுங்குகின்றது. இது வெறுங் கற்பனையன்று. கிறெவ்கூர் 1779-இற் பண்ணையைவிட்டு நியூயோர்க்குக்குப் போய், அங்கே ஆங்கிலேயராற் சிறையிடப்பட்டு, 1780-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1783-இல் பிரெஞ்சுத் துணைத்தூதராக மீண்டபோது வீடு எரிந்திருந்தது, மனைவி இறந்திருந்தாள், விட்டுச்சென்ற பிள்ளைகள் வேற்றூரில் பிறர் ஆதரவில் இருந்தனர்.

2009-இல் போர் முடிந்தபோது, வன்னியின் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. முகாம் இருந்த இடம் அருவியாற்றங்கரை. 1679-இல் சிறை நீங்கிய ஓர் உழவன் விடுதலை நோக்கி நடந்த ஆற்றின் ஓரத்தில், 2009-இல் ஆயிரக்கணக்கான உழவர் தம் வயலுக்குத் திரும்பும் நாளை எண்ணியிருந்தனர். அவர்களுள் ஒவ்வொருவரும் எக்குளத்து நீர் எத்தனை மாதம் நிற்கும், எந்நிலத்துக்கு எந்நெல் ஏற்கும் என்பதை நொக்ஸினும் மேலாக அறிந்தவர். அவ்வறிவு ஏட்டில் ஏறியதா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

முடிபு

வன்னி முற்றும் வாய்மூடியிருந்தது எனல் பிழை. காட்டுப்பன்றியும் குருவியும் பயிரை அழித்த கதையைப் பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும் பாடின. அவற்றுள் உழவன் தானே பேசுகின்றான். அழிவைக் கூட நகைச்சுவையுடன் கூறுகின்றான். ஆள வந்தவர் வகையில், ஜே. பி. லூவிஸ் 1895-இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை எழுதினார். புனைகதையில், அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973-இல் வன்னி மண்ணின் வாழ்வை நாவலாக்கியது. பாட்டு உண்டு, அறிக்கை உண்டு, கதையும் உண்டு. ஓர் உழவன் தன் ஓராண்டுத் தொழிலை, விதையளவும் விளைவளவும் கடனும் வட்டியும் இழப்பும் உட்பட, ஒளிவுமறைவின்றி உரைநடையில் எழுதி வைத்த ஏடு நம்மிடையே அரிது. நொக்ஸின் நூல் நமக்கு எடுத்துக்காட்டாவது இவ்விடத்திலேதான்.

அவர் பெரும் எழுத்தாளர் அல்லர். கல்வி மிகுதியும் இல்லாதவர். நூலுக்கு ஒழுங்கு அமைய ஹூக் போன்றோரின் துணை அவருக்கு வேண்டியிருந்தது. ஆயினும், நீருக்கு ஏற்ற நெல்லைத் தெரியும் உழவனின் அறிவு ஓர் அறிவு என்றும், எழுதத்தக்கது என்றும் அவர் எண்ணினார். அவ்வெண்ணம் இல்லாதிருப்பின், கண்டிச் சீமையின் 17-ஆம் நூற்றாண்டு உழவு பற்றி நாம் அறிவதில் ஒரு பெரும்பகுதி மறைந்திருக்கும். இலங்கையின் சிங்கள உழவரைப் பற்றிய அவ்வேட்டை எழுத ஓர் ஆங்கிலக் கைதி வேண்டியிருந்தது. ஏனெனில் உழுதவர்க்கு ஏடு கிட்டவில்லை, ஏடு கிட்டியவர் உழவில்லை.

அந்நிலை பின்னாளில் மாறியது. கல்வி வன்னியின் ஊர்களுக்குள் வந்தது. வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிகளிற் பயின்று ஆசிரியரும் அலுவலரும் ஆயினர். தந்தையின் வரம்பில் நடந்த கால்களும் பேனா பிடித்த கைகளும் ஒருவரிடமே அமையும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. நொக்ஸின் உழவு அதிகாரத்தை அத்தகைய மாணவர் ஒருவர் எடுத்து, தம் ஊரின் உழவோடு வரிவரியாக ஒப்பிட்டு, எங்கே ஒக்கும், எங்கே வேறுபடும், எது மறைந்தது என்று தம் பெற்றோரைக் கேட்டு எழுதுவாராயின், அது நூலுக்குச் செய்யும் சிறந்த உரையாக அமையும். பாட்டனார் பெயர் சொல்லி அழைத்த நெல்வகைகளுள் எத்தனை இன்று விதைக்கப்படுகின்றன என்ற ஒரு வினாவோடு அவ்வுரையைத் தொடங்கலாம். கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.